இருட்டுக்கு ஒரு ஜாகா

எண்ணெயை அளக்க எத்தனையோ வழி இருக்கிறது. படியால் அளக்கலாம். டின்னால் அளக்கலாம். எங்கள் தோட்டத்து லயத்துக் கடைக்காரரைப் போல, கட்டைவிரலைக் குவளைக்குள் பாதி விட்டுக்கொண்டும் அளக்கலாம். எங்கள் கம்பெனி இதையெல்லாம் தாண்டி வந்துவிட்ட கம்பெனி. அது எண்ணெயை அயோடினால் அளந்தது.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. எண்ணெய்க்குள் சில இடங்கள் நிரம்பாமல் காலியாகக் கிடக்கும். காலியிடம் அதிகமென்றால் எண்ணெய் குளிரிலும் உறையாமல் ஓடும். குறைவென்றால் கட்டி தட்டிப்போகும். அந்தக் காலியிடங்களைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அயோடினுக்கு அவற்றைக் கண்டால் ஆசை, ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எண்ணெயை ஒரு குடுவையில் நிறுத்து, கார்பன் டெட் என்ற திரவத்தில் கரைத்து, அயோடின் கரைசலை அளந்து ஊற்றி, ஒரு மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் அயோடின் கண்ட இடத்தில் உட்கார்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு வெளியே எடுத்து, உட்கார இடம் கிடைக்காமல் மிஞ்சிய அயோடின் எவ்வளவு என்று இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்க வேண்டும். முடியப்போகிற நேரத்தில் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் சேர்த்தால் எல்லாம் கருநீலமாகும். அப்புறம் ஏதோ ஒரு சொட்டில் அந்த நீலம் சட்டென்று காணாமல் போகும். அங்கே நிறுத்திக் கணக்குப் போட்டால் வருவதுதான் அயோடின் எண்.

குடுவையைக் குலுக்குவது என் வேலை. ஃபார்ம் ஃபைவில் ரசாயனத்துக்கு நான் வாங்கிய மார்க்கைச் சொன்னால் குடுவையே சிரிக்கும். ஆனாலும் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இந்தப் பாலனைப்போல் குலுக்க ஆளில்லை என்று ஒரு பேச்சு உண்டு. பேசியது நான்தான்.

செம்பனைப் பழத்தில் எடுக்கும் எங்கள் எண்ணெய்க்கு அந்த எண் ஐம்பத்தாறு வர வேண்டும். எண்பத்து நான்காம் வருஷம் ஒரு கப்பல் எண்ணெய்க்கு ஐம்பத்தாறு என்று எழுதி அனுப்பினோம். வாங்கியவன் ஊரில் அளந்தபோது ஐம்பத்து மூன்றுதான் வந்தது. அங்கே குளிர்காலம். எண்ணெய் தொட்டிக்குள் வெண்ணெய் மாதிரி சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டதாம்.

நாங்கள் அளந்த பிறகு கப்பலுக்கு எடை பற்றாமல் போனதால், உறையும் கொழுப்பை நல்ல எண்ணெயோடு கலந்துவிடச் சொன்னது மானேஜர். வாயால்தான் சொன்னார். அது பம்பு ஆட்களை மேய்க்கும் மண்டோருக்குத் தெரியும், லோரி டிரைவருக்குத் தெரியும், லயத்து நாய்களுக்கும் ஏறக்குறையத் தெரியும். விசாரணைக்கு மட்டும் தெரியாது. விசாரணை அதைக் கேட்கவில்லை.

விசாரிக்க வந்தவர் தலைமை அலுவலகத்துத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி சேது. கோலாலம்பூரிலிருந்து ஏர்கான் காரில் வந்து இறங்கி, எங்கள் தலைமை ரசாயனர் நடராஜாவை நிற்க வைத்துக் கேட்டார்.

“தப்பு எங்கே நடக்கும், மிஸ்டர் நடராஜா?”

“யாரும் பாக்காத எடத்துல, சார்.”

“உங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்க்காத இடம் எது?”

“இருட்டறை, சார்.”

“அங்கே குடுவை எவ்வளவு நேரம் இருக்கிறது?”

“ஒரு மணி நேரம் சார். விதிப்படி.”

சேது நாற்காலியில் சாய்ந்தார். “ஆக, கம்பெனியின் சொத்து தினமும் ஒரு மணி நேரம் யாருடைய கண்காணிப்பிலும் இல்லை. நான் ரசாயனம் படித்தவனில்லை, மிஸ்டர் நடராஜா. நிர்வாகம் படித்தவன். அதனால்தான் வந்த உடனே எனக்கு இது தெரிந்தது.”

மானேஜர் மேசையைத் தட்டி ஆமோதித்தார். அவருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

இப்படியாக, இருட்டறைக்குள் குடுவைகளோடு உட்கார ஒரு காவலர் வேண்டும் என்று முடிவாயிற்று. நேர்மையான ஆளாக இருக்க வேண்டும். அதற்கு யாரும் யோசிக்கவே இல்லை. கேட்டில் காவல் இருக்கும் ஜாகா அப்பளசாமி, பாஸ் இல்லை என்று மானேஜரின் காரையே மழையில் நிறுத்தி வைத்த மனிதர். அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து உள்ளே அனுப்பினார்கள்.

அப்பளசாமி அண்ணனின் தாத்தா விசாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறியவர். அண்ணன் சாமியிடம் மட்டும் தெலுங்கில் பேசுவார்; மற்ற எல்லோரிடமும் எங்களைப் போலத்தான். ஆறடி உயரம், ஆட்டுக்கடா மீசை. கேட்டில் உட்கார்ந்தால் வருகிற போகிற லோரியெல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள். அந்த மனிதரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக் கதவைச் சாத்துவது, யானையை அலமாரிக்குள் வைப்பது மாதிரி இருந்தது.

முதல் நாள் அவரிடமிருந்து டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் கைக்கடிகாரத்தை. அதன் முள் இருட்டில் பச்சையாக மினுங்கும். சேது அவரது நெற்றியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வெள்ளை நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் என்றார். எந்த ஒளியை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அண்ணன் விபூதியை அழித்துவிட்டுக் கொஞ்சம் சந்தனம் வைத்துக்கொண்டார்.

“தம்பி, உள்ள நான் என்னா செய்யணும்?” என்று என்னிடம் கேட்டார்.

“ஒண்ணும் செய்ய வேணாம்ணே. யாராச்சும் குடுவையத் தொட்டா புடிக்கணும்.”

“உள்ள யாரு இருப்பா?”

“நீங்க மட்டுந்தான்.”

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். “அப்ப என்னைத்தான் நான் புடிக்கணுமா? சரி லா.”

ஒரு மணி நேரம் என்பது ஒரு குடுவைக்குத்தான். காவலுக்கு ஆளே இருக்கும்போது எதற்கு ஒரே ஒரு தடவை அளக்க வேண்டும் என்று நாளெல்லாம் அளக்கச் சொன்னார்கள். ஆகவே அண்ணன் நாளெல்லாம் உள்ளே இருந்தார். காவலுக்கு ஆள் இருக்கும்போது விலை உயர்ந்த சாமான் எதற்கு வெளியே என்று கார்பன் டெட் டிரம்மையும் உள்ளே உருட்டி, அவரது ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். டிரம்மின் குழாய் ஒழுகும்; ஒழுகியது ஆவியாகி அறைக்குள்ளேயே நிற்கும். குடுவைகளின் கண்ணாடி மூடிகள் பாதி உடைந்துவிட்டன. புதிதுக்கு எழுதிப் போட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அறைக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருந்தால் அது எப்படி இருட்டறை?

என் மேசை கதவுக்கு வெளியே. எனக்கு ஜன்னல் உண்டு. குலுக்கிக்கொண்டே கதவு வழியாக அவருக்குச் செய்தி வாசிப்பேன்.

“தம்பி, வெளிய என்னா?”

“பழ லோரி நிக்குதுண்ணே. டிரைவர் எறங்கி டயரப் பாக்குறான்.”

“எந்த டயரு?”

“பின்னால, எடது பக்கம்.”

“அத மாத்துடான்னு நான் கேட்டுல இருக்கும்போதே சொன்னேன். கேக்கலயே. அப்புறம்?”

“மானேஜரு வெயில்ல நின்னு முதுகு சொறியறாரு.”

“கை எட்டுதா?”

“எட்டல.”

உள்ளே அவர் சிரிப்பார். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பு, நகைச்சுவைக்குத் தேவையான அளவைவிட நீளமாகப் போக ஆரம்பித்தது. என் நகைச்சுவை எனக்குத் தெரியும். அது அவ்வளவு சிரிப்புக்கு ஆகாது.

“மொதல்ல தல சுத்துச்சு தம்பி. பலாப்பழம் அழுகுற மாதிரி ஒரு இனிப்பு நாத்தம். இப்ப அதெல்லாம் தெரியல. ஆளு அப்படியே மெதக்குறேன்” என்றார் ஒரு நாள். வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதை மானேஜர் பார்த்துவிட்டார்.

வேலை நேரத்தில் சம்சு குடித்ததாகக் குற்றச்சாட்டு. அண்ணன் வாழ்நாளில் கள்ளுக்கடைப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். பூட்டிய அறைக்குள் அவருக்குச் சாராயம் எப்படி வந்தது என்ற கேள்வியும் இருந்தது. உள்ளே ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று சேது கண்டுபிடித்தார். உடனே சோதனை. ஆனால் அலமாரியில் குடுவைகள் இருந்தன. விளக்கைப் போட முடியாது. எனவே சேது, மானேஜர், நடராஜா மூவரும் இருட்டிலேயே உள்ளே போனார்கள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இது என்ன?”

“என் காலு சார்.”

“இது?”

“அதுவும் என் காலுதான் சார்.”

“எத்தனை கால் உங்களுக்கு, மிஸ்டர் நடராஜா?”

அலமாரியைத் தடவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கதவு திறந்தபோது மானேஜர் சேதுவின் டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாடு மெர்டேகா வாங்கிய பிறகு அவர் சிரித்ததை நாங்கள் பார்த்ததில்லை. அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நடராஜா என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் நல்ல பையன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

சோதனையின் முடிவை சேது மறுநாள் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். “அறையில் சாராயம் இல்லை. சூழல் மனத்துக்கு உற்சாகம் தருவதாக இருக்கிறது. இவ்வளவு மகிழ்ச்சியான ஒரு பணியிடத்தை இந்தக் கம்பெனியில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காவலருக்கு இடைவேளை தேவைப்படாது.” சொல்லிவிட்டுத் தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்கினார். மானேஜரும் நடராஜாவும் தலைவலியால் அன்று வேலைக்கு வரவில்லை. அது வேறு விஷயம்.

அப்பளசாமி அண்ணனின் கண் மஞ்சளானதை முதலில் பார்த்தது அவர் மனைவி தாயம்மா. அக்கா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். செம்பனை மரத்தடியில் குனிந்து குனிந்து மஞ்சளும் சிவப்பும் பார்த்துப் பழகிய கண். அவர் நேராக ஆய்வுக்கூடத்துக்கே வந்து நடராஜாவின் முன்னால் நின்றார்.

“சார், எங்க ஊட்டுக்காரரக் கேட்டுக்கே அனுப்பிடுங்க. சாப்பாடு எறங்கல. வயித்துல தண்ணி சேருது. ராஜா மாதிரி இருந்த மனுசன் சார்.”

நடராஜா கெட்டவரில்லை. கெட்டவராக இருந்தால் ஒரு முடிவாவது எடுத்திருப்பார். “நான் என்னம்மா செய்ய? அது பதவி. ஒருத்தர எடுத்தா அந்த எடத்துல இன்னொருத்தரப் போடணும்.”

“போடுங்களேன் சார்.”

“போடுறவருக்கு அனுபவம் இருக்கணும். இருட்டுல உக்காந்து காவல் பாத்த அனுபவம். அது மலேசியாவுலயே உங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் இருக்கு. பெருமைப்படுங்க.”

அக்கா பெருமைப்படுகிற மாதிரி தெரியவில்லை. அண்ணனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன்.

அங்கே டாக்டருக்குப் பதில் இருக்கும் எங்கள் டிரசரிடம் மூன்று நிறத்தில் மூன்று மருந்துகள் உண்டு. அண்ணனின் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “மஞ்சள்தான்” என்றார். “வேலை செய்ய முடியாதுன்னு சொல்லணும்னா, எவ்வளவு மஞ்சள்னு கேப்பாங்களே. எனக்கு அளக்கத் தெரியாது. உங்க லேப்புல நிறம் அளக்குற பெட்டி இருக்குல்ல? அளந்து எடுத்துட்டு வா.”

எண்ணெயின் நிறத்தை அளக்க எங்களிடம் ஒரு பெட்டி உண்டு. நிறக் கண்ணாடிச் சில்லுகளை ஒன்றொன்றாக வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. நடராஜா அதை மிகுந்த அக்கறையோடு செய்தார். அண்ணனை ஜன்னலோரம் உட்கார வைத்து, சில்லுகளை மாற்றி மாற்றிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். வியர்க்க வியர்க்கப் பிடித்தார். கடைசியில் அவர் முகம் மலர்ந்தது.

“பயப்பட ஒண்ணுமில்ல அப்பளசாமி. குறிப்பளவுக்குள்ளதான் இருக்கு. நம்ம ஏற்றுமதி எண்ணெய்க்கு அனுமதிச்ச மஞ்சளவிடக் கொறச்சல்.”

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநாளைக்குப் பிறகு பகலில் வெளியே பார்க்கிறார். “தம்பி, அந்த லோரி டயர மாத்திட்டான்” என்றார்.

மிச்சமிருந்தது தொழிலாளர் சங்கம். கிளைச் செயலாளர் நவமணி வெள்ளைச் சட்டையில் மூன்று பேனா செருகியவர். கதையைக் கேட்டுக் கொதித்துப்போனார். மாரியம்மன் கோயில் திடலில் மைக் கட்டி முழங்கினார்.

“தோழர்களே! வெயிலை நமக்குக் கொடுத்தான், பொறுத்தோம். மழையைக் கொடுத்தான், பொறுத்தோம். இன்றைக்கு இருட்டையும் கொடுக்கிறான். இருட்டை இலவசமாக வாங்கிக்கொள்ள நாம் என்ன அடிமைகளா? விலை கொடு!”

கைதட்டலில் கோயில் புறாக்கள் பறந்தன. பேச்சுவார்த்தை நடந்தது. கம்பெனி இறங்கி வந்தது. இருட்டறைக் காவலருக்கு மாதா மாதம் இருட்டுப்படி. மலாயா வந்த நாள் முதல் தமிழன் வாங்கிய முதல் இருட்டுப்படி என்று நவமணி சொன்னார். அண்ணனுக்கு மாலை போட்டார்கள். மாலையின் கனத்துக்கு அவர் கழுத்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தது.

தாயம்மா அக்கா கூட்டம் கலையும் வரை நின்றார். “படி வாங்கிக் குடுத்தீங்க, நல்லது. ஆள வெளிய எடுத்துக் குடுங்களேன்.”

“அக்கா,” நவமணி குரலைத் தாழ்த்தினார், “படி வாங்கின கையோட வேலை வேணாம்னு சொன்னா, அடுத்த போராட்டத்துல கம்பெனி நம்மள நம்புமா? அண்ணன் இப்ப தனி மனுசன் இல்ல. ஒரு வெற்றி. வெற்றியத் திருப்பிக் குடுக்க முடியாதுக்கா.”

“அப்ப வேலைய விட்டுட்டு செரண்டாவுக்குப் போயிர்றோம். எங்க அண்ணன் அங்க ஃபேக்டரியில இருக்காரு.”

“வேலைய விட்டா லயத்து வீட்டக் காலி பண்ணணுமே. உங்க பெரிய பொண்ணுக்குப் பரீச்சை முடியட்டும்கா. அவசரப்படாதீங்க.”

பரீச்சை முடியட்டும் என்று அப்பளசாமி அண்ணனும் சொன்னார். “தாப்பா லா, பரவால்ல. உக்காந்துகிட்டுத்தான இருக்கேன்” என்றார்.

பரீச்சைக்கு முன்னாலேயே அது நடந்தது. அன்று வெளியே நல்ல மழை. நான் வழக்கம்போல் செய்தி வாசித்தேன். மானேஜர் குடையை விரித்தார், குடை மானேஜரை இழுத்துக்கொண்டு போயிற்று, ரெண்டு பேரும் உரக் கொட்டகை வரைக்கும் போய்விட்டார்கள் என்று கொஞ்சம் கையிலிருந்தும் போட்டுச் சொன்னேன். உள்ளே சிரிப்பு வரவில்லை. நம் தரம் குறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். “அண்ணே, கேக்குதா? மழை” என்றேன். நேரத்துக்கு முன்னால் கதவைத் திறக்க விதியில்லை. திறந்தேன். சுவரில் தலை சாய்த்து, கையிரண்டையும் முழங்கால் மேல் வைத்து, கேட்டில் உட்கார்ந்திருப்பது போலவே உட்கார்ந்திருந்தார். அலமாரியில் குடுவைகள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. யாரும் தொடவில்லை.

தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துவிட்டு ஈரல் என்றார்கள். கம்பெனி ஆயுசு என்றது. சுடுகாட்டுக்கு சேதுவே வந்து பேசினார். “அவர் காவலில் இருந்த காலம் முழுவதும் ஒரு குடுவைகூடத் திருடு போகவில்லை. இதைவிட ஒரு மனிதன் என்ன சாதிக்க முடியும்?” கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதார். அதுதான் எனக்கு இன்றுவரை புரியாதது.

மறுநாள் காலை தாயம்மா அக்கா ஒரு காமாட்சி விளக்கோடு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். பின்னால் லயமே வந்திருந்தது.

உயிர் பிரிந்த இடத்தில், கருமாதி முடியும்வரை விளக்கு அணையாமல் எரிய வேண்டும். வீட்டில் செத்தால் வீட்டில். ரோட்டில் செத்தால் ரோட்டோரம் ஒரு டின்னைக் கவிழ்த்து வைத்தாவது ஏற்றுவார்கள். போன உயிர் வழி தெரியாமல் அந்த இடத்திலேயே தடவிக்கொண்டு நிற்கக் கூடாது. அண்ணனுக்கு உயிர் பிரிந்தது இருட்டறையில்.

“இருட்டறையில வெளக்கா?” நடராஜாவின் குரல் கீச்சிட்டது. “அம்மா, அது இருட்டறைம்மா!”

“அதனாலதான் சார் வெளக்கு.”

மில்லில் நீராவி இறங்கிவிட்டது. பழம் கொதிக்கப் போட ஆளில்லை. விளக்கு ஏற்றும்வரை யாரும் வேலைக்குப் போவதாக இல்லை. நவமணியும் வந்து, கூட்டம் தன் பின்னால் நிற்கிறதா, தான் கூட்டத்தின் பின்னால் நிற்கிறோமா என்று தெரியாமல் ஓரமாக நின்றார். வாசலில் பழ லோரிகள் வரிசை பிடித்தன. நடராஜா தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். இணைப்பு இரைந்துகொண்டே இருந்ததால் சேது அந்தப் பக்கம் கத்தியது எங்களுக்கும் கேட்டது.

“தொழிலாளரின் மத உணர்வைக் கம்பெனி மதிக்கிறது. விளக்கு எரியலாம். ஆனால் வெளிச்சம் வரக் கூடாது. புரிகிறதா? அப்புறம், விளக்கில் என்ன எண்ணெய்?”

நடராஜா அக்காவைப் பார்த்தார். “நம்ம எண்ணெய்தான ஊத்துவீங்க?”

“அதையா? அவருக்கா?” அக்கா இடுப்பிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். “நல்லெண்ணெய். கோல சிலாங்கூர்ல வாங்கினது.”

“வெளி எண்ணெய் சார்” என்றார் நடராஜா போனில், திருட்டைச் சொல்வதுபோல.

“ஆய்வுக்கூடத்துக்குள் எந்த எண்ணெய் வந்தாலும் அயோடின் எண் தெரிந்தாக வேண்டும். அளந்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள்.”

நான் நல்லெண்ணெயை நிறுத்தேன். கரைத்தேன். அயோடினை ஊற்றினேன். இனி ஒரு மணி நேரம் இருட்டு. குடுவையைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனபோதுதான் நடராஜா என் தோளைப் பிடித்தார்.

“காவல் இல்லாம வெக்கக் கூடாது பாலன். விதி.”

நாங்கள் எல்லோரும் அந்த ஸ்டூலைப் பார்த்தோம். நவமணி தன் பேனாக்களைச் சரி செய்தார்.

“குடு தம்பி” என்றார் தாயம்மா அக்கா. என் கையிலிருந்து குடுவையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். “சாத்து.”

“அக்கா, வேணாம்கா. அந்த நாத்தம்...”

“சாத்துடா.”

சாத்தினேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வாசிக்கச் செய்தி எதுவும் கிடைக்கவில்லை. லயத்துச் சனம் மொத்தமும் முற்றத்தில் நின்றது. ஒரு தடவை மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாகப் பேசுகிற மாதிரி கேட்டது. காதைக் கதவில் வைக்கப் போனவன், வைக்கவில்லை.

கதவைத் திறந்தபோது அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தைத் தேடினார்.

“ஒண்ணுமே தெரியலயே தம்பி. கைய மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாத்தேன், கைகூடத் தெரியல. இத்தன மாசமா எதத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு?”

குடுவையை வாங்கிக் குலுக்கப் போனேன். சொட்டுச் சொட்டாக விட்டேன். கஞ்சி ஊற்றினேன். நீலம் ஏறி, கொஞ்ச நேரம் நின்று, போயிற்று. கணக்குப் போட்டேன்.

“எவ்வளவு?” என்றார் நடராஜா.

“நூத்தி எட்டு சார்.”

அவர் முகத்தில் ரத்தமில்லை. “நம்ம குறிப்பளவு ஐம்பத்தாறு. இது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இத நான் எப்படிப் பாஸ் பண்றது?” மறுபடி போனிடம் ஓடினார். இணைப்பு கிடைக்கவில்லை. சுழற்றினார். மறுபடி சுழற்றினார்.

தாயம்மா அக்கா காத்திருக்கவில்லை. விளக்கில் எண்ணெய் ஊற்றி, திரியைத் திரித்துப் போட்டு, முற்றத்திலேயே ஏற்றினார். சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். அலமாரிக் குடுவைகளை நான் அவசரமாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, டிரம்மையும் உருட்டி வெளியே தள்ளினேன். அதை யாரும் சொல்லவில்லை, தடுக்கவுமில்லை.

அக்கா விளக்கை ஸ்டூல் மேல் வைத்தார்.

அந்த அறையை வெளிச்சத்தில் நான் அப்போதுதான் பார்த்தேன். கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். சுவரில் ஒரே இடத்தில், ஆறடி மனிதர் உட்கார்ந்தால் நெற்றி சாய்கிற உயரத்தில், கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து சிமிண்ட் தெரிந்தது. அதைச் சுற்றி மஞ்சள் பூத்த மாதிரி சந்தனம் அப்பியிருந்தது.

“இத்தூண்டு ரூமா?” என்றார் அக்கா. “இருட்டுல பெருசா இருந்துச்சே.”

தேய்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். பிறகு அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்து, நேற்று முதல் அழாத அழுகையை அழ ஆரம்பித்தார். பெண்கள் உள்ளே நுழைந்தார்கள். அத்தனை பேருக்கு இடமில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் தலைகளுக்கு மேலாகச் சுடரின் வெளிச்சம் வெளியே வழிந்து, என் மேசையில், வெளியே எடுத்து வைத்த குடுவைகளில், நடராஜாவின் முதுகில் விழுந்தது.

அவருக்கு அப்போதுதான் இணைப்புக் கிடைத்திருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய நிழல் எதிர்ச் சுவரில் கூரைவரைக்கும் எழுந்து நின்றது.

“ஆமா சார். எரியுது சார்” என்றார் போனில். “இல்ல சார். வெளிச்சம் எதுவும் வரல சார்.”